உங்களுக்குத் தெரியுமா? ராப் ஆல்பமும் ரசிகர் தீர்ப்பும்

புது ராப் ஆல்பம் நள்ளிரவில் வெளியாகும். விடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "ஸ்கிப் பண்ற பாட்டே இல்ல" என்று ஒரு கூட்டம். "பீட் மட்டும்தான் இருக்கு, வரியைக் காணோம்" என்று இன்னொரு கூட்டம். "பழைய ஆளு எங்கப்பா போனாரு?" என்று அலுத்துக்கொள்ளும் மூன்றாவது கூட்டமும் உண்டு. இந்த முதல் நாள் தீர்ப்புகளில் எது நின்றது, எது கவிழ்ந்தது? ராப் பிறந்த அமெரிக்காவில் தொடங்கி, சென்னையையும் தொட்டுக்கொண்டு ஒரு சுற்று.

தராசு யார் கையில்?

● ராப் இசைக்கென்றே வந்த 'தி சோர்ஸ்' பத்திரிகை, 1988-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய ஒரு பக்கச் செய்திமடலாகத்தான் தொடங்கியது. நட்சத்திரத்துக்குப் பதிலாக மைக் கணக்கில் மதிப்பெண் போட்டது. ஐந்து மைக் வாங்குவது குதிரைக்கொம்பு. 1994-ல் நாஸ் என்ற 20 வயது நியூயார்க் இளைஞரின் முதல் ஆல்பமான 'இல்மாட்டிக்' ஐந்தையும் அள்ளியது. மொத்தமே பத்து டிராக், சுமார் 40 நிமிடம். ஆனால் கடையில் அந்த வேகம் இல்லை. அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 12-ம் இடத்தில் நுழைந்தது. 10 லட்சம் பிரதிகளுக்கான 'பிளாட்டினம்' சான்று கைக்கு வர 2001 ஆகிவிட்டது.

● 'எக்ஸ்எக்ஸ்எல்' என்ற ராப் பத்திரிகை தன் பெயருக்கேற்ப மதிப்பெண்ணைச் சட்டை அளவில் போட்டது. சறுக்கிய ஆல்பத்துக்கு 'எஸ்', பரவாயில்லை என்றால் 'எல்', அசத்தினால் 'எக்ஸ்எக்ஸ்எல்'. விமர்சனத்தைப் படிக்காமலே அளவைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

● யூடியூபில் 'தி நீடில் டிராப்' நடத்தும் ஆந்தனி ஃபன்டானோ வாய் திறக்கும் முன்பே, ராப் ரசிகர்கள் தீர்ப்பை ஊகித்துவிடுவார்கள். மஞ்சள் கட்டம் போட்ட சட்டையில் வந்தால் ஆல்பம் பிடித்திருக்கிறது. சிவப்புக் கட்டம் என்றால் கதை முடிந்தது. 2010-ல் கான்யே வெஸ்ட்டின் 'மை பியூட்டிஃபுல் டார்க் ட்விஸ்டட் ஃபேன்டஸி'க்கு 'பிட்ச்ஃபோர்க்' இசை இதழ் பத்துக்குப் பத்து கொடுத்தது. ஃபன்டானோ கொடுத்தது ஆறு! அந்த ஆறைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை.

● ராப் வரிகளில் ஊர்க் கொச்சையும் சிலேடையும் உள்குத்தும் ஏராளம். அதற்கு ரசிகர்களே வரிக்கு வரி உரை எழுதும் தளமாக 2009-ல் தொடங்கியது 'ராப் ஜீனியஸ்'. "இந்த வரிக்கு இதுதான் அர்த்தம்" என்று ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் இடத்துக்கு, பாட்டு எழுதியவர்களே பிறகு வந்து தங்கள் வரிகளுக்கு விளக்கம் தரத் தொடங்கினார்கள். உறுதி செய்யப்பட்ட கலைஞராக அதில் முதலில் சேர்ந்தவர், மேலே பார்த்த அதே நாஸ்.

● 1991 மே மாதம் வரை பில்போர்டு ஆல்பம் பட்டியல் எப்படித் தயாரானது தெரியுமா? கடைகளுக்குப் போன் போட்டு, "எது நல்லாப் போகுது?" என்று கேட்டுத்தான்! அந்த மாதம்தான் பில் போடும் இயந்திரத்திலிருந்தே விற்பனையை எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. அடுத்த மாதமே, வானொலிகள் தொடத் தயங்கிய என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் 2-ம் இடத்தில் நுழைந்து, மறுவாரம் முதலிடத்துக்கு ஏறியது. ராப் வாங்குவோர் அதற்கு முன்பும் இருந்தார்கள். கணக்கில்தான் வரவில்லை.

முதல் வார யுத்தம்

● 2007 செப்டம்பர் 11. ஒரே நாளில் கான்யே வெஸ்ட்டின் 'கிராஜுவேஷன்', 50 சென்ட்டின் 'கர்டிஸ்' இரண்டும் மோதின. தோற்றால் இனித் தனி ஆல்பமே போடமாட்டேன் என்று சவால் விட்டார் 50 சென்ட். முதல் வார முடிவு: கான்யே 9,57,000 பிரதிகள், 50 சென்ட் 6,91,000. சவாலை எல்லோரும் மறந்தார்கள், 50 சென்ட் உட்பட. அவர் தொடர்ந்து ஆல்பம் போட்டார். துப்பாக்கியும் தெருச்சண்டையும் பேசும் ராப்பின் காலம் இறங்கத் தொடங்கிய நாள் என்று மட்டும் இசை எழுத்தாளர்கள் அந்த மோதலைக் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

● ஜே-ஸீயின் 'தி ப்ளூபிரின்ட்' வெளியான நாள் 2001 செப்டம்பர் 11. அவருடைய சொந்த ஊரான நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் சரிந்த அதே நாள். அப்படியொரு வாரத்திலும் 4,20,000-க்கு மேல் விற்று முதலிடம் பிடித்தது.

● 2014 டிசம்பரில் பில்போர்டு புதுக் கணக்கு கொண்டுவந்தது: 1,500 ஸ்ட்ரீம் சேர்ந்தால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். விளைவு? பாட்டு கூடக்கூட ஸ்ட்ரீமும் கூடும் என்று ஆல்பங்கள் நீண்டன. 2018-ல் மிகோஸின் 'கல்ச்சர் 2' 24 பாட்டு. டிரேக்கின் 'ஸ்கார்பியன்' 25 பாட்டு. "பாதியை வெட்டியிருக்கலாம்" என்பது ரசிகர்களின் நிரந்தரப் புகாராயிற்று. அதே ஆண்டில் புஷா டி ஏழே பாட்டோடு 21 நிமிடத்தில் 'டேடோனா'வை முடித்துக்கொண்டார். அந்த ஆண்டின் சிறந்த ராப் ஆல்பங்கள் என்ற பட்டியல்களில் அது தவறாமல் இடம்பிடித்தது.

● 2018-ல் நிக்கி மினாஜின் 'குவீன்' முதலிடத்தைத் தவறவிட்டது. மேலே உட்கார்ந்திருந்தது டிராவிஸ் ஸ்காட்டின் 'ஆஸ்ட்ரோவேர்ல்ட்'. டி-ஷர்ட், தொப்பியோடு ஆல்பத்தையும் கட்டி விற்றதால் வந்த எண்ணிக்கை அது என்று பகிரங்கமாகக் கொதித்தார் நிக்கி. சட்டைக்காக வாங்கியவரைப் பாட்டு ரசிகராக எண்ணலாமா? இந்தச் சர்ச்சை பலமுறை எழுந்த பிறகு, 2020-ல் பில்போர்டு விதிகளை இறுக்கியது.

● உலகம் முழுவதும் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாவது 2015 ஜூலையில் வந்த ஏற்பாடு. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள். டைலர், தி கிரியேட்டர் மட்டும் 2024-ல் 'குரோமகோப்பியா'வைத் திங்கட்கிழமை காலை வெளியிட்டார். வார இறுதிக் கேளிக்கையில் பின்னணியாக ஓடாமல், வேலைக்குப் போகும் வழியில் காது கொடுத்துக் கேட்கட்டும் என்பது அவர் கணக்கு.

கவிழ்ந்த தீர்ப்புகள்

● பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம் பீஸ்டி பாய்ஸின் 'லைசென்ஸ்டு டு இல்'. 1986-ல் வந்து 1987-ல் உச்சியைத் தொட்டது. அடுத்து 1989-ல் வந்த 'பால்ஸ் பொட்டீக்' 14-ம் இடத்தோடு நின்றுவிட, "சோலி முடிந்தது" என்றார்கள். பழைய இசைத்தட்டுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட துணுக்குகளை வெட்டி ஒட்டிய ஆல்பம் அது. இன்று அவற்றுக்கெல்லாம் உரிமை வாங்கப் போனால் கட்டுப்படியாகாது. அதனால் அப்படியொரு ஆல்பத்தை மறுபடி யாராலும் செய்ய முடியாது என்று இப்போது அதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

● 1995-ல் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில் சிறந்த புதிய குழுவாக அட்லாண்டாவைச் சேர்ந்த அவுட்காஸ்ட் மேடையேறியது. தெற்கத்தியப் பையன்களுக்கு ராப்பில் என்ன வேலை என்று அரங்கம் கூச்சலிட்டது. தெற்கிடமும் சொல்வதற்குச் சங்கதி இருக்கிறது என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார் குழுவின் ஆந்த்ரே 3000. 2004-ல் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது அவுட்காஸ்ட்டுக்கு. ராப்பின் தலைநகரம் எது என்று இன்று கேட்டால் பலரும் அட்லாண்டா என்பார்கள்.

● 13 வயதில் நியூயார்க் அப்பல்லோ அரங்கில் பாட ஏறிய லாரின் ஹில்லை நோக்கிக் கூட்டம் கூச்சலிட்டது. அவருடைய 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' 1999-ல் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பமானது. ஹிப்-ஹாப் ஆல்பம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை.

● மேக் மில்லரின் முதல் ஆல்பம் 'ப்ளூ ஸ்லைடு பார்க்' (2011), பெரிய கம்பெனித் துணையின்றி நேராக முதலிடத்தில் இறங்கியது. ரசிகர்கள் அள்ளிக் கொடுத்ததற்கு எதிர்முனையில் 'பிட்ச்ஃபோர்க்' கொடுத்தது பத்துக்கு 1.0! மில்லர் துவண்டார்; பிறகு ஆல்பத்துக்கு ஆல்பம் மெருகேறினார். 2018 ஆகஸ்டில் வந்த 'ஸ்விம்மிங்'கை விமர்சகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதமே 26 வயதில் அவர் இறந்தார். கிராமி பரிந்துரை அதன் பிறகுதான் வந்தது.

● 2020 கிறிஸ்துமஸ் அன்று பிளேபாய் கார்டியின் 'ஹோல் லாட்டா ரெட்' வந்தது. வரியைவிட அலறல் அதிகம் என்று அன்றிரவே மீம்களால் வறுத்தெடுத்தார்கள். சில ஆண்டுகளில் இளைய ராப்பர்களில் ஒரு பெரும் பட்டாளமே அதே இரைச்சலையும் கரகரப்பையும் எடுத்துக்கொண்டு வந்தது.

ரசிகர் சொல் அம்பலம் ஏறியபோது

● எமினெமின் 'ரிவைவல்' 2017 டிசம்பரில் வந்து வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டது. எட்டே மாதத்தில், முன்னறிவிப்பே இல்லாமல் 'காமிகாஸி' வந்தது. குறை சொன்னவர்களைப் பெயர் சொல்லித் திட்டும் பாட்டுகள்! அட்டைப்படம், பீஸ்டி பாய்ஸின் 'லைசென்ஸ்டு டு இல்' விமானப் படத்துக்குச் செய்த மரியாதை. விமர்சனம் ஓர் ஆல்பத்தைச் சாய்த்தது; அடுத்த ஆல்பத்துக்கு அதுவே சரக்கானது.

● அதே எமினெம் 2009-ல் 'ரிலாப்ஸ்' முழுக்க ஒரு விசித்திர உச்சரிப்பில் பாடினார். ரசிகர்கள் முகம் சுளிக்க, அடுத்த ஆண்டே 'நாட் அஃப்ரெய்ட்' பாட்டில் அந்த ஆல்பம் சொதப்பல்தான் என்று ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் கைவிட்ட பிறகு அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடும் ரசிகர் கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது.

● 2016 பிப்ரவரியில் வெளியான கான்யேயின் 'தி லைஃப் ஆஃப் பாப்லோ' வெளியான பிறகும் முடியவில்லை. ஸ்ட்ரீமிங் தளத்திலேயே பாட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தார். விட்டுப்போன குரல்களை 'உல்வ்ஸ்' பாட்டில் மீண்டும் சேர்த்தார். ஜூனில் புதுப் பாட்டு ஒன்றையே இணைத்தார். பிப்ரவரியில் கேட்டவரும் ஜூலையில் கேட்டவரும் வாதாடினால், இருவரும் பேசுவது ஒரே ஆல்பத்தைப் பற்றி அல்ல.

● 2021-ல் 'டோண்டா'வை அட்லாண்டாவின் மெர்சிடிஸ்-பென்ஸ் மைதானத்தில் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டிய கான்யே, ஆல்பத்தை முடிக்க அந்த மைதானத்திலேயே ஓர் அறையில் தங்கிவிட்டார். மூன்று முறை மைதானங்களில் ஒலிபரப்பினார்; ஒவ்வொரு முறையும் ஆல்பம் வேறாக இருந்தது.

● லூப்பே ஃபியாஸ்கோவின் 'லேசர்ஸ்' கம்பெனியில் கிடப்பில் கிடந்தது. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மனுவில் கையெழுத்திட்டார்கள்; 2010 அக்டோபரில் நியூயார்க்கில் கம்பெனி அலுவலகத்தின் முன்பே திரண்டார்கள். 2011 மார்ச்சில் ஆல்பம் வந்து முதலிடமும் பிடித்தது. ஆனால் கம்பெனி சொன்னபடி வளைத்த பாட்டுகள் லூப்பேவுக்கே கசந்தன. பேட்டிகளில் அதை மறைக்கவும் இல்லை. தெருவில் நின்று வாங்கிய ஆல்பம் போராடியவர்களையும் முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை.

● கென்ட்ரிக் லமாரின் 'டேம்' 2017-ல் புனித வெள்ளியன்று வந்தது. முதல் பாட்டிலேயே துப்பாக்கி வெடிக்கிறது. ஆகவே ஞாயிறன்று, ஈஸ்டருக்கு, உயிர்த்தெழும் இரண்டாவது ஆல்பம் உண்டு என்று ரசிகர்கள் ஆளாளுக்குத் துப்புத் துலக்கினார்கள். ஞாயிறு போனது, ஆல்பம் வரவில்லை. இன்னொரு ஊகம் மட்டும் பலித்தது. கடைசிப் பாட்டின் முடிவில் ஒலிநாடா பின்னோக்கிச் சுழல்வதுபோல ஒரு சத்தம் வந்து, முதல் பாட்டின் தொடக்க வரியில் போய் நிற்கும். அதைக் கேட்டவர்கள், 14 பாட்டையும் கடைசியிலிருந்து முதலுக்குக் கேட்டால் வேறு கதை கிடைக்கிறது என்றார்கள். ஆமாம் என்றார் கென்ட்ரிக். டிசம்பரில் தலைகீழ் வரிசையில் தனிப்பதிப்பே வந்தது. 2018-ல் அந்த ஆல்பத்துக்குப் புலிட்சர் பரிசு. மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே அதுவரை போய்க்கொண்டிருந்த விருது அது.

● 2014 கிராமியில் சிறந்த ராப் ஆல்பம் விருது கென்ட்ரிக்கின் 'குட் கிட், மேட் சிட்டி'யைத் தாண்டி மாக்லமோர்-ரையன் லூயிஸுக்குப் போனது. ரசிகர்கள் கொந்தளித்தார்கள். விருது வாங்கிய மாக்லமோரே, உங்களுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று கென்ட்ரிக்குக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். அதைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமிலும் போட்டார். போட்டதற்கும் திட்டு வாங்கினார்.

● ஸ்ட்ரீமிங்கில் மட்டும் ஆல்பம் வெளியிட்டு 2017-ல் கிராமி வென்றவர் சான்ஸ் தி ராப்பர். 2019-ல் வந்த 'தி பிக் டே' தன் கல்யாணத்தைக் கொண்டாடி 22 டிராக் ஓடியது. மனைவி புகழ் போதும் சாமி என்று மீம்கள் குவிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் சுற்றுப்பயணமும் ரத்தானது.

கருத்துச் சொல்லவே வழியில்லாத ஆல்பங்கள்

● வூ-டாங் கிளானின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் ஷாவோலின்' உலகிலேயே ஒரே ஒரு பிரதிதான். கையால் செதுக்கிய வெள்ளி நிறப் பேழை, உள்ளே இரண்டு சி.டி. 2015-ல் 20 லட்சம் டாலருக்கு வாங்கியவர் மார்ட்டின் ஷ்க்ரெலி, உயிர்காக்கும் மாத்திரை ஒன்றின் விலையை ஒரே நாளில் பல மடங்கு ஏற்றி ஊர் வாயில் விழுந்த மருந்துக் கம்பெனி முதலாளி. மோசடி வழக்கில் அவர் சிறை செல்ல, ஆல்பம் அரசின் கைக்குப் போனது. 2021-ல் 40 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2103 வரை வணிகரீதியாக வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். 2024-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் உள்ள மோனா அருங்காட்சியகத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு அரை மணி நேரத் தொகுப்பு ஒலித்தது. ஆல்பம் நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் இன்றும் சொற்பம்.

● டி லா சோலின் முதல் ஆல்பம் 1989-ல் வந்து பெரும் பெயர் எடுத்தது. ஆனால் ஒலித்துணுக்கு உரிமைச் சிக்கலால் ஸ்ட்ரீமிங்கில் நுழையவே முடியவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2014 காதலர் தினத்தில் தங்கள் பாட்டுகளை 25 மணி நேரம் இலவசமாக அள்ளிக்கொள்ளும்படி திறந்துவிட்டார்கள். 2023 மார்ச்சில்தான் பூட்டு திறந்தது. குழுவின் மூவரில் ஒருவரான டேவ் அதைப் பார்க்க இல்லை; மூன்று வாரத்துக்கு முன் காலமாகிவிட்டார்.

● டாக்டர் டிரே 2000-களின் தொடக்கத்தில் அறிவித்த 'டீடாக்ஸ்' வரவே இல்லை. பதிலுக்கு 2015-ல் 'காம்ப்டன்' என்ற வேறொரு ஆல்பம் வந்தது.

● ஆந்த்ரே 3000 தனி ராப் ஆல்பம் போடமாட்டாரா என்று ரசிகர்கள் ஏங்கிக் கிடந்தார்கள். 2023-ல் 'நியூ ப்ளூ சன்' வந்தது: 87 நிமிடம், முழுக்கப் புல்லாங்குழல், ஒரு வரி ராப் கிடையாது! ராப் ஆல்பம் போடத்தான் ஆசைப்பட்டேன், காற்று இந்தப் பக்கம் அடித்துவிட்டது என்ற சமாதானத்தையே முதல் இசைக்கோவைக்குத் தலைப்பாக வைத்துவிட்டார். 12 நிமிடத்தைத் தாண்டும் அந்தக் கோவை பில்போர்டின் முதல் நூறுக்குள் நுழைந்தது. அந்தப் பட்டியல் கண்ட மிக நீளமான உருப்படி அதுதான்.

நம்ம பக்கம்

● லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம்தான் ராப் பாடகி எம்.ஐ.ஏ. முதல் ஆல்பம் 'அருளர்' அப்பா பெயர். 2007-ல் வந்த 'கலா' அம்மா பெயர். அமெரிக்க விசா சிக்கலில் மாட்டியதால் நாடு நாடாகச் சுற்றிப் பதிவு செய்தார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டுடியோவும் அதில் உண்டு. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் நம்மூர் உறுமியே முழங்கும். விமர்சகர்கள் உடனே பாராட்டினார்கள். பொதுமக்கள் காதுக்கு 'பேப்பர் பிளேன்ஸ்' போய்ச் சேர ஓராண்டு பிடித்தது. ஒரு ஹாலிவுட் பட டிரெய்லரும், ரஹ்மான் இசையமைத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படமும் தூக்கிவிட, பில்போர்டில் 4-ம் இடம். 2009-ல் கிராமி பரிந்துரை.

● 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் 'எஞ்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' பாட்டுகளைச் சொல்லி, பாடகி தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். இரண்டுக்கும் வரி எழுதிய ராப் கலைஞர் அறிவு எங்கே? இயக்குநர் பா.ரஞ்சித் கேட்டார், ரசிகர்களும் விடவில்லை. பிறகு அறிவுக்கென்று தனி டிஜிட்டல் அட்டை வந்தது.

கடைசியாக ஒரு விதி

● அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலம் கடந்தும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறது. டி லா சோல், லாரின் ஹில், ஜே-ஸீயின் 'ப்ளூபிரின்ட்', நாஸின் 'இல்மாட்டிக்' எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. தகுதி பெற ஒரு நிபந்தனை: பதிவுக்குக் குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும். பரிந்துரை அனுப்பும் உரிமை சாதாரண ரசிகருக்கும் உண்டு. ஆண்டுக்கு 50 பதிவுகள் வரை அனுப்பலாம். ஆகவே நேற்றிரவு வந்த ஆல்பத்தைப் பற்றி இன்றே சண்டை போடுங்கள், தப்பில்லை. மேல்முறையீட்டுக்கு இன்னும் பத்து ஆண்டு அவகாசம் இருக்கிறது.